ஐந்து மணி வரை மின்சாரம் இருக்காது

கேட்டுவிட்டுத் தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள். சொல்ல எனக்கு நாக்கூசுகிறது. இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஓர் ஊரில் அரசு மின் அலுவலகம். அங்கே அறிவிப்புகள் எழுதும் எழுத்தரின் செல்பேசியில் இரண்டு வாட்ஸ்அப் குழுக்கள்: ஊழியருக்கு ஒன்று, ஊராருக்கு ஒன்று. பராமரிப்பு வேலைக்கு முந்தின நாள் இரண்டிலும் ஒரே செய்தி போனது. "நாளை காலை 9 முதல் மாலை 5 மணி வரை மின்சாரம் இருக்காது."

ஃப்ளெக்ஸ் போர்டு கட்டும் கோட்டைச்சாமி, மின்கம்பி ஓரத்து வேலைகளை இப்படிப்பட்ட நாளுக்கென்றே ஒதுக்கி வைப்பவர். அந்தச் செய்தியை நம்பி, மறுநாள் புதுக் கட்டடம் ஒன்றின் மொட்டை மாடியில் போர்டுக்கான இரும்புச் சட்டம் ஏற்றிக்கொண்டிருந்தார். மின்சாரம் வந்தால் தெரிந்துகொள்ள அங்கே விளக்கும் இல்லை, விசிறியும் இல்லை.

மின் அலுவலகத்தின் பராமரிப்பு வேலை இரண்டு மணிக்கே முடிந்துவிட்டது. "வெயில் கொளுத்துது, ஜனங்க பாவம். இப்பவே குடுத்துடலாம்" என்றார் உதவிப் பொறியாளர் தணிகாசலம். கம்பத்திலிருந்து இறங்கிய ஆறு பேரையும் லைன்மேன் பாக்கியநாதன் எண்ணிப் பார்த்தார். "இரண்டரைக்கு லைனில் மின்சாரம் வருகிறது, யாரும் தொட வேண்டாம்" என்று எழுத்தர் ஊழியர் குழுவில் போட்டார். ஆறு பேரும் சரி என்று கட்டைவிரல் குறி போட்டார்கள். துணை மின்நிலையத்தில் ரஹ்மத்துல்லா சுவிட்சைப் போட்டார்.

மூன்று மணிக்குக் கோட்டைச்சாமியின் சட்டம் கம்பியில் உரசியது. உயிர் தப்பியது; வலது கை போயிற்று.

மறுநாள் பத்திரிகைகளுக்கு அலுவலகக் குறிப்பு போனது: "தனிநபரின் கவனக்குறைவால் விபத்து."

விசாரணை நடந்தது. "நல்லதுக்குத்தான் சொன்னேன்" என்றார் தணிகாசலம். "நம்ம ஆளுங்க எல்லாரும் இறங்கிட்டாங்க" என்றார் பாக்கியநாதன். "போடச் சொன்னாங்க, போட்டேன்" என்றார் ரஹ்மத்துல்லா. ஒன்றும் பொய்யில்லை. வாசலில் கோட்டைச்சாமியின் மனைவி செல்வராணி தன் செல்பேசியை நீட்டியபடி நின்றார். "அஞ்சு மணி வரைக்கும் இருக்காதுன்னு நீங்கதானய்யா போட்டீங்க?"

இதில், அந்தக் கைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

விடை: மூவருக்கும் பங்கு உண்டு. ஆனால் முதலில் நிற்க வேண்டியவர், விசாரணைக்கே கூப்பிடப்படாத எழுத்தர். ஊழியர் குழுவுக்கு அடுத்த வரியிலேயே ஊரார் குழு இருந்தது. அதிலும் போட்டால் போன் மேல் போன் வரும் என்ற சோம்பல். கரண்ட் வந்தால் தானாகத் தெரியப்போகிறது என்று விட்டுவிட்டார். கவனக்குறைவு என்று எழுதிக் கொடுத்ததும் அவரேதான். அந்த எழுத்தர் நான். செல்வராணி நீட்டிய செல்பேசியை வாங்காமல் தலையைக் குனிந்துகொண்டவனும் நான்தான்.