உள்ளிருந்து திற

அம்பத்தூரில் லிஃப்ட் செய்யும் கம்பெனி அது. லிஃப்டை ஓட்டும் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு அங்கே ரெஜினாதான் குரு. வயது முப்பத்திரண்டு. சீடர் வைரவனுக்கோ ஐம்பது நெருங்குகிறது. பழைய வேலை போய் இங்கே வந்து ஒட்டிக்கொண்டவர். இதுவும் போனால் வீட்டில் முகம் காட்ட முடியாது.

அன்று சாயங்காலம் அவருடைய புரோகிராம் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். எழுதியதைச் சரிபார்த்து மெஷினுக்குப் புரியவைக்கும் கம்பைலரோ காலையிலிருந்து முரண்டு பிடித்தது.

புரோகிராமில் ஆளேறும் லிஃப்டுக்குக் கிளாஸ் என்று ஒரு வகை, சரக்கு லிஃப்டுக்கு இன்னொரு கிளாஸ். இரண்டும் முக்கால்வாசி ஒன்றுதான். ஆனால் அந்தப் புரோகிராம் மொழி மகா கறார். ‘இது அதன் உள்வகை, அது கேட்கிற இடத்திலெல்லாம் இதைக் கொடுக்கலாம்’ என்று தனியாக ஒரு வரி எழுதி உறுதி சொல்ல வேண்டும். சரக்கு லிஃப்ட் ஆளேறும் லிஃப்டின் உள்வகை என்று வைரவன் எழுதினார். கம்பைலர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆளேறும் லிஃப்டில் ‘உள்ளிருந்து திற’ என்றொரு கட்டளை உண்டு, சரக்கு லிஃப்டில் அது இல்லையாம்.

அதனாலென்ன? சரக்கு லிஃப்டுக்கும் அதே பெயரில் ஒரு கட்டளை எழுதி, உள்ளே ஒன்றுமில்லாமல் விட்டார். கம்பைலர் கப்சிப்.

“முடிஞ்சுது மேடம். ஒரு எர்ரர்கூட இல்ல.”

ரெஜினா திரையைப் பார்த்தார். “இந்தக் கட்டளைக்குள்ள ஒண்ணுமே இல்லையே சார்?”

“அது சும்மா மேடம், கம்பைலர் வாயை அடைக்க. அதை யார் கூப்பிடப் போறாங்க?”

“சரி. வாங்க, ஓட்டிப் பார்த்துடலாம்.”

வைரவன் பின்னாலேயே போனார்.

சோதனைக் கூடத்தில் நிஜ லிஃப்டுகள் நின்றன. ரெஜினா புரோகிராமை ஏற்றிவிட்டுப் பட்டனை அழுத்தினார். ஆளேறுவதா சரக்கு ஏறுவதா என்று பாராமல், கிட்டத்தில் எது இருந்ததோ அதைப் புரோகிராம் அனுப்பியது. வந்தது சரக்கு லிஃப்ட்.

“ஏறுங்க சார்.”

“இதுலயா?”

“லிஃப்ட்தானே கேட்டோம். வந்திருக்கே.”

ஏறினார். கதவு மூடிக்கொண்டது. உள்ளே ஒரே இருட்டு. சுவரைத் தடவினார், வெறும் இரும்பு. பட்டன் இல்லை, மணி இல்லை. மூட்டை ஏறுகிற பெட்டிக்கு அதெல்லாம் யார் வைப்பார்கள்?

“மேடம், திறங்க!”

கதவு அசையவில்லை.

“மேடம்!” கதவில் படபடவென்று அறைந்தார். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. காய்ச்சலில் கொதிக்கிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் இதற்குள் ஏறினால்? ஐயோ, என்ன காரியம் பண்ணி வைத்திருக்கிறேன்! குரல் கட்டிப்போகும்வரை கத்தினார்.

ஒருவழியாகக் கதவு திறந்தது. வாசலை ஒட்டியே ரெஜினா நின்றிருந்தார். அவர் முகமும் வேர்த்திருந்தது.

வைரவனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “இங்கேயேதான் நின்னீங்களா? நான் கத்தினது காதுல விழலையா?”

“விழுந்துச்சு சார். ஒவ்வொரு தடவையும் விழுந்துச்சு. நீங்க எழுதி வெச்ச அந்தக் கட்டளை மாதிரியே, கேட்டுட்டு ஒண்ணும் செய்யாம நின்னேன்.”