செங்காலி சொல்லாமல் போன வாய்க்கால்

ஒரு காட்டின் ஓரத்தில் ஏரி ஒன்று இருந்தது. அதன் சொந்தக்காரி யானை, மழைக்காலம் முழுவதும் மலைமேல் இருக்கும். அது இறங்கி வரும்வரை ஏரியைப் பார்த்துக்கொள்வது, குளிருக்குத் தப்பி வடக்கேயிருந்து வந்து தங்கும் செங்காலி என்ற வாத்து.

செங்காலிக்கு உடம்பு இங்கே, மனசு அங்கே. பனிமலைகளுக்கு அப்பால் இருந்தது அது பிறந்த ஏரி. அந்த ஏக்கத்தில், கரையோரப் பள்ளத்திலாவது நம் ஊர் ஏரிபோல ஒன்று இருக்கட்டும் என்று பெருச்சாளிகளை அழைத்தது.

"ஏரியிலிருந்து பள்ளத்துக்கு மண்ணுக்கடியில் வாய்க்கால் தோண்டுங்கள். நான் சொன்னால்தான் நிறுத்த வேண்டும். வேறு யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்!"

பெருச்சாளிகள் சொன்ன சொல் தட்டாதவை. அன்றே மண்ணுக்குள் இறங்கின.

ஒரு நாள் காலை யானை வந்தது, பிறந்து ஒரே நாளான குட்டியோடு. அதே காலையில் தெற்குக் காற்றும் எழும்பியது. வாத்துக் கூட்டம் சிறகை விரித்துவிட்டது.

"அக்கா, ஏரி இனி உங்கள் பொறுப்பு," என்றது செங்காலி.

"வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?"

"ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை! வருகிறேன்!"

அவசரமாகக் கிளம்புகிற எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், இல்லையா பிள்ளைகளே?

யானை பள்ளத்துப் புல்லில் குட்டியைப் படுக்க வைத்தது. சற்று நேரத்தில் அடியில் கரகரவென்று சத்தம். புல்லில் ஈரம் கசிந்தது.

"யாரது? நிறுத்துங்கள்!" என்று பிளிறியது யானை.

"வேலை கொடுத்தவர் சொல்லட்டும்," என்றது மண்ணுக்குள்ளிருந்து ஒரு குரல்.

யானை குட்டியைத் தூக்கி நிறுத்தப் பார்த்தது. மலையிறங்கி வந்த களைப்பில் பிஞ்சுக் கால்கள் மடங்கி மடங்கி விழுந்தன.

மேலே ஏறிக்கொண்டிருந்த செங்காலிக்குப் பிளிறல் கேட்டது. குனிந்து பார்த்தது. வாய்க்கால் வந்து திறக்கப்போகும் பள்ளத்திலேயே குட்டி கிடந்தது.

"திரும்பாதே!" என்றது கூட்டத்தின் தலைவன். "இந்தக் காற்றை விட்டால் அடுத்த வருஷம்தான். நாங்கள் காத்திருக்க முடியாது."

செங்காலி ஒருமுறை வடக்கே பார்த்தது. பிறகு சிறகை மடக்கிக் கீழே பாய்ந்தது.

"போதும்! நிறுத்துங்கள்!"

சத்தம் நின்றது. ஏரிக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு சாண் மண்தான் மிச்சம்.

"நீ கிளம்பும்போது இதைத்தானே கேட்டேன், செங்காலி?" என்றது யானை.

செங்காலி தலை குனிந்தது. நிமிர்ந்து பார்த்தபோது கூட்டம் சிறு புள்ளியாகி மறைந்துகொண்டிருந்தது. காற்றும் அடங்கிவிட்டது.

குட்டி ஒருவழியாக எழுந்து, தள்ளாடி வந்து, செங்காலியின் சிறகைத் துதிக்கையால் தொட்டது. செங்காலி விலகவில்லை. வடக்கே பார்த்தபடியே நின்றது.

நீதி: பொறுப்பை ஒப்படைக்குமுன், நீ ஏவிவிட்ட வேலையை நீயே நிறுத்திவிட்டுப் போ.