தூங்குமூஞ்சி ராஜா கேட்ட பரிசு

காலைத் தூக்கி என் மேல போடாதடி. என் கை மேலயும் தலைய வெக்காத, மரத்துப் போயிடும். தலையணை எதுக்கு இருக்கு? நான் சொல்லச் சொல்ல நீ "ம்" கொட்டணும், அவ்ளோதான். நடுவுல கேள்வி கேட்டா பெரியம்மாவுக்குக் கோவம் வரும். சரியா, தொணதொணப்பு?

ஒரு ஊர்ல ஒரு ராஜா. இரு இரு, ஒரு ராஜா இல்ல, வரிசையா நாலு ராஜா. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இங்கிலாந்துல, கடலோரமா ஒரு குட்டி ராஜ்ஜியம். எப்பப் பாத்தாலும் மழை. அங்க அண்ணன் தம்பி நாலு பேர். எதல்ஹெல்ம், எதல்மண்ட், எதல்கார், கடைக்குட்டி எதல்வின். அவங்க அம்மா "டேய் எதல்"னு ஒரு குரல் குடுத்தா நாலு பேரும் தட்டோட ஓடி வருவாங்க. சிரிக்காத, அந்தக் காலத்துல அங்க அப்படித்தான் பேர் வெப்பாங்க.

அங்க அண்ணன் போனா தம்பிதான் ராஜா. ஊர்ப் பெரியவங்கல்லாம் கூடி, மைதானத்துல இருக்கற ஒரு பெரிய கல்லு மேல உக்கார வெப்பாங்க. கல்லு சில்லுனு இருக்கும். உக்காந்தவன் "ஆ!"னு கத்துவான். உடனே எல்லாரும் "ராஜா வாழ்க!"ம்பாங்க.

ம் கொட்டு. ம்.

அப்புறம், அந்த ஊருக்கு ஒரே ஒரு கஷ்டம், தூக்கம் கிடையாது. ஏன்னா கடலுக்கு அந்தப் பக்கம் வைகிங்குன்னு முரட்டு ஆளுங்க. அவங்களுக்கு ராஜா ஹால்டோர். எந்த ராத்திரி கப்பல்ல வருவான்னு யாருக்கும் தெரியாது. வந்தான்னா ஆடு, மாடு, அண்டா, கம்பளி எல்லாத்தையும் வாரிச் சுருட்டிட்டுப் போயிடுவான். பயத்துல ஒருத்தரும் கண்ண மூடறதில்ல. பாவம், கைக்குழந்தைங்களுக்குக் கூட கண்ணுக்குக் கீழ கருவளையம்.

அதனால அண்ணனுங்க மூணு பேரும் "நீதான சின்னவன், போய்க் காவல் காரு"ன்னு எதல்வினைக் குன்று மேல ஏத்தி விட்டுட்டாங்க. பத்து வருஷம்டி! ராத்திரி பூரா கடலையே பாத்துட்டு நிப்பான். கப்பல் தெரிஞ்சா கொம்பு ஊதுவான். பூஊஊம்! அப்போ பகல்ல என்ன பண்ணுவான்? தூங்குவான். கஞ்சி குடிச்சுக்கிட்டே தூங்குவான். குதிரை மேல தூங்குவான். கொர்ர்ர்... கொர்ர்ர்... அவனைப் பாத்து ஊரே சிரிக்கும், எனக்குத்தான் வயிறெரியும்.

மூத்தவன் ராஜா ஆனான். பட்டம் கட்டின விருந்துல விலாங்கு மீனா உள்ள தள்ளினான். சளக், சளக், சளக், நாப்பத்து மூணு. நாப்பத்து நாலாவது தொண்டையில நின்னுது. போயே போயிட்டான்.

அப்போ ரெண்டாவது அண்ணன் ராஜா ஆனான். மறுநாளே கப்பல் வந்துது. பூஊஊம்! "எனக்குத் திடீர்னு பக்தி வந்துடுச்சு"ன்னு சொல்லி, ரோமாபுரிக்கு யாத்திரை கெளம்பிட்டான். சமையக்காரனையும் கையோட கூட்டிட்டுப் போயிட்டான், கடங்காரன்.

அப்புறம் மூணாவது அண்ணன். பூஊஊம்! அவ்ளோதான், பரக் பரக்னு மொட்டை அடிச்சுக்கிட்டு மடத்துக்குள்ள ஓடிச் சாமியாரா உக்காந்துட்டான்.

என்ன? மொட்டைக்கு அப்புறம் முடி மொளைச்சுதாவா? கேள்வி கேக்காதன்னேன்ல, தொணதொணப்பு!

அப்போ மிச்சம் யாரு? எதல்வின். வைக்கோல்ல தூங்கிட்டு இருந்தவனை நாலு பேர் தூக்கிட்டுப் போய் கல்லு மேல வெச்சாங்க. "ஆ!"ன்னு கூடச் சொல்லல. கொர்ர்ர்.

காவக்காரன் ராஜா ஆயிட்டான், இப்போ கொம்பு ஊத ஆள் யாரு? அதை ஒருத்தனும் யோசிக்கல, மடப்பசங்க. அன்னைக்கே ஹால்டோர் இருபது கப்பலோட கரைக்கு வந்துட்டான். வீரமா ஒரு குதி குதிச்சான். தொபுக்! தண்ணியில விழுந்தான். சொட்டச் சொட்ட நடந்து வந்து, "நான்தான் ஈரக்கால் ஹால்டோர்"னு உறுமினான்.

எதல்வின் கொட்டாவி விட்டுட்டு, "ஏன் அண்ணே அப்படி ஒரு பேரு?"ன்னு கேட்டான்.

ஹால்டோருக்கு ஒரே பெருமை. "எங்க ஆத்தா வெச்ச பட்டப்பேரு. எங்க ஊர்ல சும்மா பேர் வெக்க முடியாது. பட்டப்பேர் வெச்சா, அதோட பரிசும் குடுக்கணும். எனக்குக் கப்பல் குடுத்தா."

"எனக்குப் பானைவயிறுன்னு பேரு, இந்த பெல்ட்டு குடுத்தாங்க"ன்னான் ஒருத்தன். "நான் ஒத்தப்புருவம், எனக்கு இந்தக் கத்தி"ன்னான் இன்னொருத்தன்.

"நாளைக்கு உச்சி வெயிலுக்குள்ள ராஜ்ஜியத்தைக் குடுத்துடணும். இல்ல, ஊரையே கொளுத்திடுவேன்"னு சொல்லிட்டு ஹால்டோர் கப்பலுக்குப் போயிட்டான்.

ஊரே அழுதுது. ஒரு பொம்பள குழந்தையத் தூக்கிட்டு வந்து, "ராஜா, இவன் பொறந்ததுலேர்ந்து ஒரு ராத்திரி கூட முழுசாத் தூங்கலப்பா"ன்னா. எதல்வினுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "எனக்குத் தெரியும் தாயி, நானும்தான் முழிச்சிருந்தேன்"னான். ராஜா ஆனப்புறமும் அன்னைக்கு ராத்திரி குன்று மேல அவனேதான் நின்னான்.

மறுநாள் ஹால்டோர் வந்தான். தங், தங், தங்னு கேடயத்தைத் தட்டிக்கிட்டு முந்நூறு பேர். பாத்தா, ராஜா கல்லு மேல வாயத் தெறந்துட்டுத் தூங்கறான். கொர்ர்ர்!

நெசமாத் தூங்கினானா, நடிச்சானான்னு என்னைக் கேக்காத.

ஹால்டோர் வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சான். "டேய், தூங்குமூஞ்சி ராஜா!"

எதல்வின் ஒரு கண்ணத் தெறந்தான். "என்ன சொன்னீங்க?"

"தூங்குமூஞ்சின்னேன்!"

"உங்க ஆளுங்க காதுல விழலையே."

"தூங்குமூஞ்சி! தூங்குமூஞ்சி!"ன்னு முந்நூறு பேரும் சேந்து கத்தினாங்க.

எதல்வின் மெதுவா எழுந்து நின்னான். "பேரு புடிச்சிருக்கு, நானே வெச்சுக்கறேன். பரிசு எங்க?"

ஹால்டோர் முழி முழின்னு முழிக்கறான். பானைவயிறு அவன் பக்கத்துல போய், "குடுத்துத்தான் ஆகணும், ராஜா. இல்லன்னா உங்க கப்பலை உங்க ஆத்தா திருப்பிக் கேப்பாங்க"ன்னு சொன்னான்.

"சரி, தங்கமா?"

"வேணாம்."

"குதிரையா?"

"வேணாம்."

"பின்ன என்னதான்டா வேணும்?"

"தூங்குமூஞ்சிக்குத் தூக்கம்தான வேணும்? எனக்கு மட்டும் இல்ல, என் ஊருக்கே வேணும். உங்க கப்பல் இந்தக் கரைப் பக்கம் இனிமே வரக் கூடாது."

ஹால்டோர் பல்ல நறநறன்னு கடிச்சான், தாடியப் பிச்சுக்கிட்டான். ஆனா முந்நூறு பேர் அவன் முகத்தையே பாக்கறாங்க. "குடுத்தேன்!"னு கத்திட்டு விறுவிறுன்னு போய் கப்பல்ல தாவினான். தொபுக்! அதே தண்ணி.

அன்னைக்கு ராத்திரி குன்று மேல யாரும் நிக்கல. அந்தக் குழந்தை அம்மா மேல கால் போட்டுட்டுத் தூங்குச்சு. ஆடு தூங்குச்சு, மாடு தூங்குச்சு, மடத்துச் சாமியார் தூங்கினான். ஊரே விட்ட கொறட்டையில கூரை மேல கீழ ஆடுச்சு. எதல்வின் மட்டும் தூங்கல. பத்து வருஷப் பழக்கம், கண்ணு மூட மாட்டேங்குது. வாசல்ல உக்காந்து எல்லாக் கொறட்டையையும் கேட்டான். அப்புறம் சிரிச்சுக்கிட்டே அங்கயே சாஞ்சுட்டான். கொர்ர்...

ம் கொட்டு. தூங்கிட்டியா?

என்னது? பரிசா? நான் எப்போடி உனக்குப் பேர் வெச்சேன்?

...தொணதொணப்பு. ஆமா, வெச்சுட்டேன். ரெண்டு தடவை வேற சொல்லிட்டேன். அடிப் பாவி, முழிச்சுக்கிட்டே இருந்து எண்ணியிருக்கா பாரு! சரி, என்ன வேணும்? பொம்மையா? வேணாமா? முறுக்கா? அதுவும் வேணாமா?

கையா?

...வா. வெச்சுக்கோ தலைய. மரத்துப் போனா போகுது, என் கண்ணுல்ல.

கப்பலும் போச்சு, கதையும் போச்சு. கண்ண மூடு.