விலைபோகாத ஒரு பெயர்

“இந்த வருஷக் கட்டணத்தை எப்பிடிம்மா கட்டுறது?”

வந்த கோமதிநாயகம் உட்காரக்கூட இல்லை. கேட்டுவிட்டார்.

குழல்வாய்மொழி எலுமிச்சம்பழம் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். கோமதிநாயகத்தைவிட அவளுக்கு வயசு குறைவு. இருந்தாலும் அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்த குரு அவள்தான். இப்போது தொழிலை விட்டுவிட்டுப் புளியங்குடி மலையடியில் தோப்போடு இருக்கிறாள்.

“எந்தக் கட்டணம், அண்ணாச்சி?”

“பேருங்களுக்குத்தான்.”

வேறு எதற்கு? இணையத்தில் கடை போடுகிறவனுக்கு டாட் காம் என்று முடிகிற பெயர் ஒன்று வேண்டும். முதலில் எவன் பதிகிறானோ அவன் கையில் இருக்கும். வருஷா வருஷம் கட்டணம் கட்டினால் நிற்கும். கட்டாவிட்டால் போயே போச்சு, அந்தப் பெயரில் வைத்திருக்கிற ஈமெயில் முகவரியும் சேர்ந்து. நம்ம கோமதிநாயகம் அந்த மாதிரிப் பெயர்களை ஆயிரக்கணக்கில் வளைத்துப் போட்டிருந்தார். வேண்டியவன் தேடி வருவான், கேட்கிற விலையைக் கொடுப்பான் என்று மனுஷனுக்கு அப்படி ஒரு தெம்பு.

“முன்னெல்லாம் எப்பிடிக் கட்டுனீக?”

“மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு வித்துரும். அந்தக் காசுலயே மிச்சத்துக்கெல்லாம் கட்டிருவேன். கைக்காசு போட்டதே கெடையாது.”

“இப்ப?”

“ரெண்டு வருஷமா ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கலம்மா. இருந்த சேமிப்பும் போன வருஷத்தோட தீந்துட்டு.”

“அதுக்கு?”

கோமதிநாயகம் தரையைப் பார்த்தார்.

“வடிவோட தறிய வித்துரலாம்னு இருக்கேன். நாளைக்குக் காலைல ஆளு அட்வான்ஸோட வாரான்.”

வடிவு அவர் மனைவி. சங்கரன்கோவிலில் அவள் ஓட்டுகிற விசைத்தறியில்தான் அந்த வீட்டில் அடுப்பே எரிகிறது.

“அவுக என்ன சொன்னாக?”

“தறிய நிறுத்திட்டு எம் மொகத்தையே பாத்தா. எனக்கு அழுகை வந்துட்டு.”

குழல்வாய்மொழி ஒரு அழுகின பழத்தை எடுத்துத் தூரப் போட்டாள்.

“வேண்டாத பேர விட்டுற வேண்டியதுதான?”

“எல்லாமே நல்ல பேரும்மா! ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆளு எங்கயோ இருக்கான். இன்னைக்கில்லன்னா நாளைக்கு வருவான்.”

“ஒண்ணக்கூட விடலியா?”

“ஒண்ணே ஒண்ணு விட்டேன், ரெண்டு வருஷத்துக்கு முன்ன. செலவக் கொறைக்கலாம்னு. அத எந்தப் பயலும் வாங்க மாட்டான்.”

“எது?”

“அது கெடக்கட்டும்மா.”

அவள் மேலே கேட்கவில்லை. பழத்தைச் சாக்கில் கட்டினாள்.

“தூக்குங்க அண்ணாச்சி.”

ஞானம் கேட்க வந்தவர் மூட்டை தூக்கினார். கேட்டால் வாயால் பதில் சொல்லுகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. அது தெரிந்துதானே வந்தார்!

ஆட்டோவில் மூட்டையை ஏற்றிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார்கள். வழியெல்லாம் கோமதிநாயகம் கடைப் பலகைகளை வாசித்தபடியே வந்தார். முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம் வந்தது.

“அந்தா தெரியுதுல்ல, ராஜகனி ஸ்வீட்ஸ்? அந்தப் பேரு எங்கிட்ட இருக்கு.”

“அவுகளுக்குத் தெரியுமா?”

“தெரியக் கூடாது. இந்தா, பூஞ்சோலை நர்சரி. அதுவும் நம்மகிட்டதான்.”

“அவுககிட்டயாவது சொன்னீகளா?”

“நீங்க வேற! நாம தேடிப் போனா வெல விழுந்துரும். அவுக தேடி வரணும். நீங்கதானம்மா சொல்லிக் கொடுத்தீக?”

“சொன்னேன்” என்றாள் அவள். “வாரவனுக்கு வழி இருக்கணும்னும் சொன்னேன்.”

“வழியெல்லாம் பக்காவா இருக்கு. எந்தப் பேர அடிச்சாலும் ‘இந்தப் பெயர் விற்பனைக்கு, எழுதவும்’னு வரும். கீழ ஈமெயில் முகவரியும் இருக்கு.”

ஆட்டோ நின்றது. மேலே பார்த்தார். மலையடி எலுமிச்சை மண்டி.

கோமதிநாயகம் குனிந்து அவள் காதோரம் சொன்னார்: “இதுவும் எங்கிட்ட இருக்கு. மூச்சு விட்றாதீக.”

குழல்வாய்மொழி நேரே உள்ளே போனாள். மண்டிக்காரர் முகைதீன் தராசுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

“பாய், இவுக கோமதிநாயகம் அண்ணாச்சி. ஒங்க மண்டிப் பேரு டாட் காம் இவுககிட்டதான் இருக்கு.”

போச்சு, எல்லாம் போச்சு என்று கோமதிநாயகம் தலையில் கைவைத்தார். இனி என்ன விலை சொல்ல?

முகைதீன் கையிலிருந்த பழத்தைக் கூடையில் போட்டார். இவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீருதானா அது! எங்கவே போய் ஒளிஞ்சீரு?”

“நானா?”

“மூணு தடவ எழுதுனேன்! எழுத எழுதத் திரும்பி வந்துட்டு. கேரளாக்காரனெல்லாம் ‘ஒங்க டாட் காம் என்ன’ன்னு கேக்கான். நான் என்னத்தச் சொல்ல? ஸ்வீட் கடைக்காரரும் எழுதிப் பாத்துட்டு விட்டுட்டாரு. நாங்க ரெண்டு பேரும், சரி, ஆளு செத்துட்டான் போலன்னு பேசிக்கிட்டோம்.”

“எந்த முகவரிக்கு எழுதுனீக?”

“நீரு போட்டிருந்த முகவரிக்குத்தான். விற்பனை அட் கோமதிநாயகம் டாட் காம்.”

கோமதிநாயகம் அப்படியே எலுமிச்சை மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

குழல்வாய்மொழி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அந்த விட்ட பேரு எது, அண்ணாச்சி?”



“எம் பேரு” என்றார். “எம் பேர எவன் வாங்கப் போறான்னு...”



முகைதீனுக்கு இதெல்லாம் புரியவில்லை. புரிந்துகொள்ள அவருக்கு நேரமும் இல்லை.

“வெலயச் சொல்லுமய்யா.”

கோமதிநாயகம் சொன்னார். பாய் குறைத்தார். இவர் கொஞ்சம் ஏற்றினார். தேடிப் போனால் விலை விழும் என்றாரே, அது ஒன்றும் விழவில்லை. டீ வருவதற்குள் பேச்சு முடிந்துவிட்டது. அந்த ஒன்றிலேயே வருஷக் கட்டணத்தில் ஒரு பங்கு தேறும். இனிப்புக் கடை எதிரேதான். நர்சரி அடுத்த தெருவில்.

கோமதிநாயகம் வீட்டுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் தறி ஓடுகிற சத்தத்தில் வடிவின் குரலே கேட்கவில்லை.

“வடிவு, நாளைக்கு அந்தாளு வந்தா திருப்பி அனுப்பிரு!”

“என்னது?”

“தறிய விக்கல! விக்கவே இல்ல!”

தறி நின்றது. அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அப்புறம் தறி மறுபடி ஓட ஆரம்பித்தது.

அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“சரிய்யா” என்றார் முகைதீன். “பேர மாத்திக் குடுக்கணும்னா எழுத்துல ஏதாச்சும் வேணும்லா? எந்த முகவரிக்கு எழுத? இந்தத் தடவயாச்சும் போய்ச் சேருமா?”

கோமதிநாயகம் செல்போனை எடுத்தார். தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். இந்த ரெண்டு வருஷத்தில் எவன் கைக்குப் போயிருக்குமோ!

திரையைப் பார்த்தார். இன்னொரு தரம் பார்த்தார்.

“அப்பிடியே கெடக்கும்மா! யாருமே எடுக்கல!”

குழல்வாய்மொழி காலி சாக்கை உதறி மடித்தாள்.

“ஒங்கள விட்டா அத யாரு எடுப்பா, அண்ணாச்சி?”