திங்கட்கிழமை இறங்காத மாவு

ஆத்தூர்ப் பக்கத்து மரவள்ளி மாவு ஆலையில், மாவைச் சேமித்து வைக்கும் உயரமான கலமான சைலோ ஒன்று புதிதாக நின்றது. மேலே மாவைக் கொட்டினால் அடிவாய் வழியாக இறங்க வேண்டும். மற்ற நாட்களில் சமர்த்தாக இறங்கும். ஞாயிறு விடுமுறை முடிந்த திங்கட்கிழமை மட்டும் அடம் பிடிக்கும்.

அதை வடிவமைத்தவர் அருள்தாஸ். மூத்த பொறியாளர் மங்கையர்க்கரசியிடம் தொழில் கற்றவர்; இது அவர் தனியாகச் செய்த முதல் வேலை. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

மங்கையர்க்கரசி சனிக்கிழமையே ஆலைக்குச் சொல்லி, அடி வெட்டிய தகர டின் ஒன்றைப் பலகை மேல் வைத்து, மாவு நிரப்பி, அதன் மேல் எடைக்கல் ஏற்றச் செய்திருந்தார்.

திங்கள் காலை இருவரும் போனபோது மாவு நின்றுபோயிருந்தது. தொழிலாளி வீரமுத்து கடப்பாரையோடு சைலோவின் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தார்.

"எங்க போறீங்க?" என்றார் மங்கையர்க்கரசி.

"உள்ளாற எறங்கி, மாவு மேல நின்னு குத்துனா வந்துரும்மா. வாராவாரம் பண்றதுதான்."

"கீழ வாங்க."

"மேனேஜர் சத்தம் போடுவாருங்க."

"நான் பேசிக்கிறேன். வாங்க."

அவர் இறங்கினார். அருள்தாஸுக்கு முகம் சுண்டிவிட்டது.

"என் கணக்கு சரிங்கம்மா. மாவைச் சோதிச்சுப் பார்த்துத்தான் வாய் அளவு வச்சேன். தண்ணி மாதிரி ஓடுச்சு."

"எப்ப எடுத்த மாவு?"

"டிரையர்லருந்து வந்த உடனே."

மங்கையர்க்கரசி, சனிக்கிழமை வைக்கச் சொன்ன டின்னின் மேலிருந்த எடைக்கல்லை அகற்றினார். டின்னின் இரு ஓரங்களையும் செங்கல்லில் நிறுத்தி, பலகையை உருவினார். அடியில் கொஞ்சம் மாவு உதிர்ந்தது. மிச்சம் அந்தரத்தில் அப்படியே நின்றது.

"மேல கை வைப்பா."

அருள்தாஸ் வைத்தார். "கெட்டியாத்தாம்மா இருக்கு."

"இன்னும் அழுத்து."

அழுத்தினார். மாவு மொத்தமாக இடிந்தது. கை முழங்கைவரை உள்ளே போக, அவர் தடுமாறி டின் மேலேயே சாய்ந்தார். மூக்கிலும் வாயிலும் மாவு. வீரமுத்துதான் ஓடிவந்து தூக்கிவிட்டார்.

இருமல் அடங்கிய பிறகும் அருள்தாஸால் அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

வீரமுத்து சைலோவை அண்ணாந்து பார்த்தார். கடப்பாரையைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"ஒரு நாள் சும்மா கிடந்தா இப்படி இறுகும்னு எனக்குத் தோணவே இல்லையேம்மா," என்றார் அருள்தாஸ். "வாய் எவ்வளவு அகலம் வைக்கணும்?"

"இவரு உள்ள எறங்கவே வேண்டாத அளவுக்கு."