மார்கழிச் சூரியன்

கொல்லிமலைச் சரிவில் ஒரு பெரிய பாறையின் நிழலில் குடிசை போட்டு அங்காத்தாள் என்ற பெண் துறவி வாழ்ந்து வந்தார். வயது நாற்பதுகூட இருக்காது. வானத்தைப் பார்ப்பது, கேழ்வரகு விதைப்பது, தேடி வருகிறவர்களுக்குக் கூழ் ஊற்றுவது. இவைதான் அவருடைய வேலை. உபதேசம் என்று எதுவும் செய்வதில்லை. கேட்டால் பதில் சொல்வார். சில நாள் அதுவும் இல்லை, சிரிப்பதோடு சரி.

அவருடைய சீடர்களில் வயதில் மூத்தவர் சென்னியப்பன். அறுபதைத் தாண்டியவர். பெரிய மீசை, அதைவிடப் பெரிய தொந்தி. ஒரு காலத்தில் ரேக்ளா என்ற பந்தய மாட்டு வண்டி ஓட்டி அந்த வட்டாரத்திலெல்லாம் பேர் வாங்கியவர். மன அமைதி வேண்டும் என்று அடிவாரத்து ஊரிலிருந்து தினமும் மலையேறி வருவார். அமைதி இன்னும் வந்து சேரவில்லை. தொந்தி மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தது.

மார்கழி மாதத்தில் ஒரு காலை. பாறை மேல் சுள்ளி மூட்டி அங்காத்தாள் கூழ் கிண்டிக்கொண்டிருந்தார். கம்பளியைப் போர்த்தி, காதைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு சென்னியப்பன் மேலே வந்து சேர்ந்தார்.

“இதென்ன குளிருங்க தாயி! பல்லு தந்தியடிக்குது.”

“நெருப்புக்கிட்ட வாங்க பெரியவரே.”

சென்னியப்பன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையை நெருப்பில் காட்டினார்.

“ஒரு சந்தேகமுங்க. சித்திரையில உயிர் போற வெயிலு. மார்கழியில உயிர் போற குளிரு. எதுக்கு இப்படி மாறி மாறி வருது? வருஷம் பூரா ஒரே மாதிரி இருந்துட்டுப் போனா என்ன?”

“ஏன் மாறுதுன்னு நீங்க நினைக்கிறீங்க?”

“இதுல நினைக்க என்ன இருக்குது? சூரியன் கிட்ட வந்தா வெயிலு, தூரப் போனா குளிரு. இதோ இந்த நெருப்பு மாதிரித்தான்.”

“அப்போ இப்ப சூரியன் தூரத்துல இருக்குதா?”

“சந்தேகம்னா என் பல்லைக் கேளுங்க.”

அங்காத்தாள் அகப்பையைப் பானை மேல் வைத்தார். “வருஷத்துலயே சூரியன் நமக்கு ரொம்பக் கிட்ட இருக்குறது மார்கழியிலதான்.”

சென்னியப்பன் போட்ட சிரிப்பில் பக்கத்து மரத்திலிருந்த மைனாக்கள் பறந்துவிட்டன. “குளிர்ல தாயிக்கு என்னமோ ஆயிருச்சு!”

“பல வருஷமா அளந்து பார்த்துட்டேன். மார்கழிச் சூரியனோட வட்டம் ஒரு நூல் பெருசு. கிட்ட இருந்தாத்தானே பெருசாத் தெரியும்?”

சிரிப்பு நின்றது. அங்காத்தாள் அளந்தேன் என்று சொன்னால் அளந்திருப்பார். அது சென்னியப்பனுக்குத் தெரியும்.  பிறகு கேட்டபோது குரலில் கேலி இல்லை.

“இவ்வளவு கிட்ட இருந்தும் ஏனுங்க குளிருது?”

“யாரைப் பத்திக் கேக்குறீங்க, பெரியவரே?”

சென்னியப்பன் மீசையைத் தடவினார்.  “என் தம்பி நாச்சிமுத்துவைப் பத்தித்தான்.”

அங்காத்தாள் அகப்பையை எடுத்துக் கூழைக் கிண்டினார். சென்னியப்பன் தொடர்ந்தார்.

“ஒரு பொங்கலுக்கு ரேக்ளாப் பந்தயம். முன்னாலதான் போய்க்கிட்டிருந்தேன். நடுத்தடத்துல என் வண்டியில இடப்பக்கத்து மாடு படுத்துருச்சு. எவ்வளவோ பார்த்தேன், எந்திரிக்கலை. ஊர் ஜனம் மொத்தமும் வாயடைச்சு நிக்குது. அப்போ ஒருத்தன் சிரிச்சான். கெக்கெக்கேன்னு. திரும்பிப் பார்க்காமலே தெரிஞ்சுது, என் தம்பி. அன்னிக்கு விட்டதுங்க பேச்சு. இருந்த வீட்டையும் நடுவுல சுவர் வெச்சுப் பிரிச்சாச்சு. என் வாசல் கிழக்கு வீதியில, அவன் வாசல் மேற்கு வீதியில. அவன் இருமினா எனக்குக் கேக்கும். அவன் பொண்டாட்டி கடுகு தாளிச்சா எனக்குத் தும்மல் வரும். அவ்வளவு கிட்ட.”

“இப்ப என்ன ஆச்சு?”

“ஊரை விட்டே போறானாம். காங்கேயத்துல மக வீட்டோட இருக்கப் போறான். தை பொறந்ததும் கிளம்புறான். நேத்துப் பூரா சாமான் கட்டுற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு.”

“நீங்க என்ன செஞ்சீங்க?”

“சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.”

“கூப்பிட்டுப் பேசலையா?”

“நான் எதுக்குப் பேசணும்? அவன் பொறவியே அப்படி. எல்லாத்துக்கும் கேலி, எல்லாத்துக்கும் சிரிப்பு. அவன் கோணலை அவன் நிமிர்த்தட்டும், அப்புறம் பேசுறேன்.”

அங்காத்தாள் கூழ்ப்பானையை இறக்கி வைத்தார். நெருப்பில் இன்னும் நாலு சுள்ளியைப் போட்டார்.

“எந்திரிங்க பெரியவரே. இந்த நெருப்பைச் சுத்தி நடங்க.”

“பிரதட்சணமுங்களா?”

“நீங்கதான் பூமி. வடக்கே மலை உச்சியில ஒத்தை மரம் தெரியுதா? எங்க நின்னாலும் உங்க தலை அந்த மரத்துப் பக்கமே சாஞ்சிருக்கணும். சாய்வு மட்டும் மாறக்கூடாது.”

சென்னியப்பன் கம்பளியை வீசிவிட்டு எழுந்தார். நெருப்புக்குத் தெற்கே நின்று வடக்கே சாய்ந்தார். தலை நெருப்புக்கு மேலேயே போய்விட்டது.

“மீசை பொசுங்குதுங்க!”

“அதுதான் நமக்குக் கோடை. நாம தலைப்பக்கத்துல குடியிருக்குறவங்க. நடங்க.”

அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே தத்தித் தத்தி நடந்தார். தென்னை ஒன்று காற்றில் நடந்து போவது போல இருந்தது. அங்காத்தாள் வாயைப் பொத்திக்கொண்டார். பாதி சுற்றி வடக்குப் பக்கம் வந்து நெருப்பைப் பார்த்து நின்றபோது, அதே மரத்துப் பக்கம் சாய்வதற்கு அவர் பின்னால் வளைய வேண்டியிருந்தது. தொந்தி முன்னே வந்தது. தலை பின்னே போனது.

“இன்னும் ஓர் எட்டு நெருப்புக்கிட்டப் போங்க.”

போனார்.

“அந்தப் பக்கம் நின்னதைவிட இப்பக் கிட்ட இருக்கீங்களா?”

“இருக்கேனுங்க. தொந்தி வேகுது.”

“தலை?”

சென்னியப்பன் கையைத் தூக்கி நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். “சில்லுனு இருக்குதுங்க!” அவருக்கே வியப்பாக இருந்தது. “அப்போ காலுக்கு?”

“காலுக்கு இப்பக் கோடை. தெற்கே கடல் தாண்டிப் போனா அங்க இருக்குறவங்களுக்கு வேர்த்து ஊத்திக்கிட்டிருக்கும்.”

அவர் அப்படியே வளைந்து நின்று யோசித்தார். “இந்தப் பூமியை யாராச்சும் நிமிர்த்தி வெச்சிருக்கக் கூடாதா? இவ்வளவு தொல்லை இல்லையே.”

“நிமிர்ந்தும் ஒரு சுத்து நடந்து பாருங்க.”

முதுகு நிம்மதியடைய நிமிர்ந்து நடந்தார். ஒரு சுற்று முடிந்தது.

“எப்படி இருக்குது?”

“எங்க நின்னாலும் ஒரே மாதிரிதானுங்க.”

“நல்லா இருக்குதா?”

சென்னியப்பன் பொய் சொல்லத் தெரியாதவர். “சப்புனு இருக்குதுங்க.”

சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே மறுபடி சாய்ந்தார். வடக்குப் பக்கம் போய்த் தலை குளிர நின்றார். அங்கிருந்து தத்தித் தத்தித் தெற்குப் பக்கம் வந்தார். முகத்தில் சூடு பட்டது. கண்ணை மூடிக்கொண்டார்.

“வடக்கே குளிர்ந்துச்சு, இங்க சுடுது. நடுவுல என்னத்தை மாத்துனீங்க?” என்று கேட்டார் அங்காத்தாள்.

“நான் எதையும் மாத்தலையே. சாய்வு அதே சாய்வு. சும்மா சுத்தி இந்தப் பக்கம் வந்தேன்.”

சொன்னதும் கண்ணைத் திறந்தார். அங்காத்தாள் கூழைக் கலயத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

சென்னியப்பன் கம்பளியை எடுத்துத் தோளில் போட்டார். கூழ் குடிக்கவில்லை. இறக்கத்தில் இறங்கும் அவருடைய செருப்புச் சத்தம் வெகு நேரம் கேட்டது.

ஊருக்கு வந்தவர் தன் வீட்டுக்குள் நுழையவில்லை. கிழக்கு வீதி முனை வரைக்கும் போய், கோயிலைச் சுற்றி, மேற்கு வீதிக்குள் திரும்பினார். அந்த வீதியில் அவர் கால் வைத்தே பல வருஷம் ஆகியிருந்தது. குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தை மறந்து பார்த்தார்கள்.

வாசலில் நாச்சிமுத்து ஒரு மூட்டையைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. சென்னியப்பன் திகைத்து நின்றுவிட்டார். சுவர் வழியாக வந்த குரல் ஒருநாளும் நரைக்கவில்லை.

நாச்சிமுத்து நிமிர்ந்தார். அண்ணனைப் பார்த்தார். கயிறு கையிலிருந்து நழுவியது. அடுத்த நொடி கெக்கெக்கே என்று சிரிக்க ஆரம்பித்தார்.

அதே சிரிப்பு. சென்னியப்பனுக்குக் காது சிவந்தது. திரும்பிப் போக ஒரு காலை எடுத்தும் வைத்துவிட்டார். ஆனால் இந்தத் தடவை தம்பிக்கு எதிரே நின்றிருந்தார்.  தம்பியின் சிரிக்கிற கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது.

சத்தம் கேட்டு நாச்சிமுத்துவின் மனைவி ராமாயி வெளியே ஓடி வந்தாள். “வாங்க மாமா, உள்ள வாங்க! அவரைத் தப்பா எடுத்துக்காதீங்க. பயந்துட்டாருன்னா அவருக்குச் சிரிப்பு வந்துரும். எங்க அப்பா முன்னால பொண்ணு கேட்டு வந்து நின்னப்பவும் இதே சிரிப்புத்தான். பைத்தியமோன்னு எங்கம்மா அழுதுட்டாங்க.”

“பயமா?” என்றார் சென்னியப்பன். “அன்னிக்குப் பந்தயத்துல என்னடா பயம் உனக்கு?”

நாச்சிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்தார். “பின்னால நாலு வண்டி பறந்து வருது. நீ நடுத்தடத்துல உட்கார்ந்திருக்குற. நீ செத்தே போயிருவியோன்னு நினைச்சேண்ணா.”

“மாடுதாண்டா உட்கார்ந்துச்சு.”

“மாடும் உட்கார்ந்துச்சு. நீயும் பக்கத்துல சம்மணம் போட்டு உட்கார்ந்த. அது காதுல என்னமோ நியாயம் சொல்லிக்கிட்டிருந்த.”

“நானா?”

“மடியிலிருந்து வெத்தலை எடுத்து நீட்டுனியேண்ணா. சுண்ணாம்பு தடவி.”

சென்னியப்பன் ராமாயியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, “ஊரே பார்த்துச்சு மாமா,” என்றாள்.

மீசை முதலில் ஆடியது. பிறகு தொந்தி குலுங்கியது. சிரித்துச் சிரித்து, நிற்க முடியாமல், அந்தச் சாமான் மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளே ஏதோ பித்தளைப் பாத்திரம் நசுங்குகிற சத்தம் கேட்டது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

அன்றைக்கு மதியம் அவர் அங்கேதான் சாப்பிட்டார். அதற்கப்புறம் மார்கழி முழுக்க அவர் மலைக்கு வருவது குறைந்துபோனது. வந்தாலும் சீக்கிரம் இறங்கிவிடுவார். ஏன் என்று அங்காத்தாள் கேட்கவில்லை.

பொங்கல் கழிந்து ஒரு நாள் காலையில் மெதுவாக மலையேறி வந்து பாறை மேல் உட்கார்ந்தார். வெயில் இதமாக இருந்தது.

“தம்பி கிளம்பிட்டானுங்க தாயி. இருன்னு சொல்லிப் பார்த்தேன். மகளுக்குப் பிரசவம், போகத்தான் வேணும்னான். நியாயம்தானே?”

“மாறிட்டாரா உங்க தம்பி?”

“எங்க மாறினான்? அவனும் மாறலை, நானும் மாறலை. நேத்துக்கூடப் பொங்கலுக்கு உப்புப் பத்தலைன்னு சண்டை போட்டோம்.”

இருவரும் சிரித்தார்கள். சென்னியப்பனின் சிரிப்பு முதலில் ஓய்ந்தது. அவர் கீழே சமவெளியைப் பார்த்தார். மேற்கே போகிற பாதை வெயிலில் வெள்ளையாகத் தெரிந்தது.

“காங்கேயம் ரொம்பத் தூரமுங்க, தாயி. ஒரு சுவரு நடுவுல இருந்தப்பவே அந்தக் குளிரு குளிர்ந்துச்சு. இனி எப்படி இருக்குமோ?”

அங்காத்தாள் கலயத்தில் கூழை ஊற்றி அவர் கையில் கொடுத்தார்.

“சூரியன் நம்மளை விட்டு ரொம்பத் தூரத்துக்குப் போறது எந்த மாசம்னு நான் உங்களுக்குச் சொல்லலையே பெரியவரே.”

“எந்த மாசமுங்க?”

“ஆனி. நம்ம மலையெல்லாம் வெயில்ல பலா பழுத்து மணக்குற மாசம்.”