பல்லிக்கு என்ன தெரியும்?

ஏழு ஆத்துக்கு அங்கிட்டு, எட்டாவது ஆத்துல தண்ணியே ஓடாத ஒரு ஊர்ல, சிம்மக்குட்டி ராசான்னு ஒரு ராசா இருந்தாராம். அவருக்கு யானை இருந்துச்சு, சேனை இருந்துச்சு, சொன்ன பேச்சு கேக்காத ராணியும் இருந்தா. ஒண்ணே ஒண்ணுதான் இல்லை. எவன் நெசம் சொல்றான், எவன் பொய் சொல்றான்னு கண்டுபிடிக்கத் தெரியாது. வழக்குன்னு வந்து ரெண்டு பேரும் அழுதா அவரும் கூடச் சேர்ந்து அழுவார். அப்புறம் தலைவலின்னு போய்ப் படுத்துக்குவார்.

இப்படி இருக்கையில ஒருநாள் வாகீசப் பண்டிதர்னு ஒருத்தர் அரண்மனைக்கு வந்தார். வந்தவர் சபையைப் பார்த்தார், ராசாவைப் பார்த்தார், சுவத்துல ஒட்டிக்கிட்டிருந்த பல்லியைப் பார்த்தார். பார்த்துட்டு, "ஆகா, இது சத்தியப் பல்லி! இதுக்கு முன்னாடி நெசம் பேசினா சத்தம் கொடுக்கும். பொய் பேசினா வாயைத் திறக்காது" அப்படின்னார். ராசாவுக்கு ஒரே சந்தோசம். அன்னியிலேருந்து வழக்கெல்லாம் பல்லி முன்னாடிதான். பல்லி கத்தினா வீட்டுக்குப் போகலாம். கத்தலையா, தண்டனைதான். பண்டிதருக்கு முன்வரிசையில ஆசனம், மூணு வேளையும் அரண்மனைச் சாப்பாடு.

சரி, அந்தப் பல்லி என்ன நினைச்சதுன்னு கேளுங்க. அது தன் பொண்டாட்டிகிட்டச் சொல்லுச்சாம், "ஏ இவளே, பூச்சி வந்திருக்கு வான்னு உன்னைத்தானே கூப்பிட்டேன்? கீழ ஒருத்தன் ஏன் என்னைக் கையெடுத்துக் கும்பிடுறான்?" பொண்டாட்டிப் பல்லி சொல்லுச்சாம், "நமக்கெதுக்கு வம்பு? நீங்க பூச்சியைப் பாருங்க."

அந்த ராசா தோட்டத்துல ஒரு மாமரம். வருசத்துக்கு ஒரே ஒரு பழம்தான் பழுக்கும். ஆனா அது கோயில் மணி தண்டி பெருசா இருக்கும். வாசனை கிளம்பினா பக்கத்து நாட்டுக்காரன் எச்சில் முழுங்குவான். அதுக்குக் காவல்காரன் இருளப்பன். அவன் பொண்டாட்டி காத்தாயி.

ஒருநாள் விடிஞ்சு பார்த்தா பழத்தைக் காணோம். காம்பு மட்டும் பால் சொட்டச் சொட்டத் தொங்குது. இருளப்பனை இழுத்துக்கிட்டுப் போய்ப் பல்லி முன்னாடி நிறுத்துனாங்க.

"சொல்லுடா!"

"நான் திங்கலை சாமி!"

பல்லி வாயைத் திறக்கலை. அவன் இன்னொருக்கா கத்திச் சொன்னான். பல்லி வாயைத் திறக்கலை. அழுதுகிட்டே சொன்னான். அதுக்கும் திறக்கலை. "இவன்தான் திருடன். நாளன்னிக்கு யானையை விட்டுக் காலால இடறச் சொல்லுங்க!" அப்படின்னுட்டார் ராசா.

சேதி தெரிஞ்சு காத்தாயி ஓடி வந்தா. நேரா சிறைக்குப் போய்ப் புருசனைக் கம்பிக்கு வெளியே நின்னு கேட்டா, "யோவ், பழத்தைத் தின்னியா?"

"இல்லடி!"

"நேத்து மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டேன்னு சொன்னியே, காட்டினியா?"

"அது... காட்டலை."

"பாத்தியா! உன் வாயை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. இரு, நானே பாத்துட்டு வாரேன்."

அழலை, மாரடிக்கலை. முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டுச் சபைக்குள்ள நுழைஞ்சா. அங்க பண்டிதர் வாயை மூடிப் பட்டுத்துணி கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தார். பல்லி மேல தன் மூச்சு படக்கூடாதாம், காலையிலேருந்து அப்படி ஒரு விரதமாம்.

"ராசா, எம் புருசன் தின்னான்னு எப்படித் தெரியும்?" அப்படின்னா காத்தாயி.

"பல்லி சத்தம் கொடுக்கலையே."

"பல்லிக்குத் தெரியும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அது சொல்லித் தப்பானதே இல்லையே! அது பொய்யன்னு காட்டினவன் அத்தனை பேரும் பொய்யன்தான்."

"அவங்க பொய்யன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

ராசா மோட்டுவளையைப் பார்த்தார். "பல்லிதான்" அப்படின்னார்.

சிரிக்காதீங்க பிள்ளைகளா, நீங்க அங்க இருந்திருந்தா நீங்களும் தலையைத்தான் ஆட்டியிருப்பீங்க. ராசா இல்லையா!

காத்தாயி சுவத்துக்கிட்டப் போனா. போய், "கல்லு தண்ணியில மிதக்கும்" அப்படின்னா. பல்லி ச்ச்ச்சுன்னு கத்துச்சு. சபையே திகைச்சுப் போச்சு. பண்டிதர் துணிக்குள்ளயிருந்து சொன்னார், "எந்தக் காலத்துலயோ எங்கயோ மிதந்திருக்கும்." ராசா, ஆமா ஆமான்னார்.

அடுத்து, "சூரியன் கிழக்க உதிக்கும்" அப்படின்னா. பல்லி கம்முன்னு இருந்துச்சு. "ஊருக்கே தெரிஞ்ச விசயத்துக்குப் பல்லி வாயை வீணாக்காது" அப்படின்னார் பண்டிதர். ராசா, ஆமா ஆமான்னார்.

அப்புறம், "எனக்கு மீசை இருக்கு" அப்படின்னா. பல்லி ச்ச்ச்சுன்னுச்சு. "பொம்பளை பேசுறதைப் பார்த்தா உள்ளுக்குள்ள மீசை இருக்கத்தான் இருக்கு" அப்படின்னார் பண்டிதர். ராசா விழுந்து விழுந்து சிரிச்சார்.

வேற ஒருத்தியா இருந்தா அதோட உட்கார்ந்து அழுதிருப்பா. காத்தாயி இடுப்புல கையை வச்சா.

"பண்டிதரே, எங்க வீட்டுப் பூசணிக்கொடியும் சத்தியக்கொடிதான். பூ பூத்தா நான் சொல்றது நெசம். பூக்கலைன்னா, நான் சொல்றது நெசம்னு தெரிஞ்சு அடக்கமா இருக்கு. இப்படி வச்சுக்கிட்டா எந்தக் கொடிதான் தோக்கும்? நடந்து முடிஞ்சதுக்கு அப்புறம் காரணம் சொல்லாதீங்க. முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லுங்க. பல்லி என்ன பண்ணினா, பல்லிக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நீங்க ஒத்துக்குவீங்க?"

"அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது" அப்படின்னார் பண்டிதர்.

ராசாவுக்கு இது எங்கயோ உறுத்துச்சு. "அதென்னய்யா, ஒண்ணுகூடவா கிடையாது? சொல்லும் ஓய்!" அப்படின்னார்.

பண்டிதர் முழிச்சார். முழிச்சுட்டு, "பொது விசயமெல்லாம் வேண்டாம். பழ விசயத்துல மட்டும் பல்லி தப்பாது. நான் திங்கலைன்னு ஒருத்தன் சொல்லி, பல்லி சத்தம் கொடுக்கலைன்னா அவன்தான் திருடன். இதுல மாத்துப் பேச்சே இல்லை" அப்படின்னார்.

"மாத்த மாட்டீரே?" அப்படின்னார் ராசா.

"மாட்டேன்."

"சபையோரே, கேட்டுக்கிட்டீங்களா?" அப்படின்னா காத்தாயி. "அப்ப எம் புருசன் மட்டும் எதுக்கு? எல்லாரும் சொல்லுங்க."

மந்திரி எழுந்து, "நான் திங்கலை" அப்படின்னார். பல்லி பேசலை. தளபதி எழுந்து, "நான் திங்கலை" அப்படின்னார். பல்லி பேசலை. அது எப்படிப் பேசும்? வயித்து முட்டப் பூச்சியைத் தின்னுட்டு அது தூங்கிருச்சு. ராசாவுக்கு ஆசை வந்துருச்சு. அவரும் மீசையை முறுக்கிக்கிட்டு எழுந்து, "நான் திங்கலை!" அப்படின்னார்.

பல்லி பேசலை.

ராணி மெதுவா ராசா பக்கம் திரும்பினா. "அதானே பார்த்தேன். நீங்கதானா?"

"அடியே, நான் திங்கலைன்னு எனக்குத் தெரியாதா!"

"அதையேதான் ராசா எம் புருசனும் சொன்னான்" அப்படின்னா காத்தாயி.

ராசா பண்டிதரைப் பார்த்தார். "இப்ப நான் திருடனா, இல்லை பல்லிக்கு ஒண்ணும் தெரியாதா? ஒண்ணைச் சொல்லும்."

பண்டிதருக்கு யானை ஞாபகம் வந்துருச்சு. "பல்லிக்கு... தெரியாது" அப்படின்னார்.

ஆனா ராசா இப்ப பழைய ராசா இல்லை. காத்தாயி பக்கம் திரும்பி, "பல்லிக்குத் தெரியாதுங்கிறதால உம் புருசன் யோக்கியன்னு ஆயிடுமா?" அப்படின்னு கேட்டார்.

"ஆகாது ராசா. அதையும் பாத்துருவோம். காம்புல பால் சொட்டுச்சுல்ல? பறிச்ச சூட்டோட வாயில வச்சவனுக்கு அந்தப் பால் பட்டு உதடும் தாடையும் கொப்புளிச்சுப் பொத்துப் போயிருக்கும். எம் புருசன் வாயில அந்தப் புண் இருந்தா நானே அவனை யானைகிட்டக் கூட்டிட்டுப் போறேன்."

"மாம்பால் பட்டா பொத்துப் போகும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டீங்களே, அது கேள்வி!" அப்படின்னு காத்தாயி கையைத் தட்டினா. "மரத்துல இன்னும் பால் இருக்கு. உங்க கன்னத்துல ஒரு சொட்டு வச்சுப் பாருங்க. இன்னொரு கன்னத்துல வெறும் தண்ணி வைங்க."

ராசாவும் விடலை, வச்சுப் பார்த்தார். விடிஞ்சு எழுந்தா, பால் வச்ச கன்னம் அதிரசம் மாதிரி உப்பிப் பொத்துப் போயிருந்துச்சு. தண்ணி வச்ச கன்னம் எப்பவும்போல இருந்துச்சு. ராணிக்குச் சிரிப்பை அடக்க முடியலை. ராசாவுக்கோ வலியிலயும் பெருமை. "தெரிஞ்சுக்கிட்டேன்! நானே தெரிஞ்சுக்கிட்டேன்!" அப்படின்னு அரண்மனையெல்லாம் கன்னத்தைக் காட்டிக்கிட்டுத் திரிஞ்சார்.

அப்புறம் இருளப்பனைக் கொண்டுவந்தாங்க. காத்தாயி அவன் தாடையைப் பிடிச்சுத் திருப்பினா. இந்தப் பக்கம் பார்த்தா, அந்தப் பக்கம் பார்த்தா. ஒரு கீறல் இல்லை. மந்திரி வாயைப் பார்த்தாங்க, இல்லை. தளபதி வாயைப் பார்த்தாங்க, இல்லை. எல்லாரும் பண்டிதர் பக்கம் திரும்புனாங்க.

"எனக்கு விரதம்!" அப்படின்னார் பண்டிதர்.

"அவிழும் ஓய்!" அப்படின்னார் ராசா.

துணியை அவிழ்த்தா, உதடு ரெண்டும் வெந்த பணியாரம். தாடை பூரா பால் வழிஞ்ச தடம், தடத்து மேல புண்ணு.

"வெத்தலைக்குச் சுண்ணாம்பு கூடிப்போச்சு" அப்படின்னார் பண்டிதர்.

தளபதி வாளை உருவிட்டார். அப்ப யார் தடுத்தான்னு நினைக்கிறீங்க? காத்தாயிதான். "இருங்கய்யா. சுண்ணாம்பாவும் இருக்கலாம். புண்ணு ஒண்ணை மட்டும் வச்சுக் கழுத்தை வெட்டினா நாமளும் பல்லி வழக்குத்தான் நடத்துறோம். கோயில் மணி தண்டிப் பழத்துக்குக் கொட்டை எம்மாம் பெருசு இருக்கும்! அதை யாரும் முழுங்க முடியாது. போய்த் தேடுங்க. எங்க வீட்டுலயும் தேடுங்க."

தேடுனாங்க. காத்தாயி வீட்டுல ஒரு உடைஞ்ச உரல்தான் இருந்துச்சு. பண்டிதர் வீட்டுக் கொல்லையில சாம்பக்குழியைக் கிளறினா, அம்மிக்கல்லு தண்டி மாங்கொட்டை. நார் கூடக் காயலை.

பண்டிதர் தடால்னு காலில் விழுந்தார். "காவக்காரன் கண்ணசந்துட்டான், வாசனை இழுத்துருச்சு ராசா!"

ராசா யானையைக் கூப்பிடலை. "எனக்குப் பல்லியைக் காட்டினவர் நீர்தான். அது முன்னாடி உட்கார்ந்து, நான் திருந்திட்டேன்னு சொல்லும். பல்லி சத்தம் கொடுத்ததும் வீட்டுக்குப் போகலாம்" அப்படின்னார்.

பண்டிதர் உட்கார்ந்தார், சொன்னார், சொல்லிக்கிட்டே இருந்தார். பல்லிக்கும் அதோட பொண்டாட்டிக்கும் இந்தப் புலம்பலைக் கேட்டுத் தூக்கமே வரலை. ரெண்டும் மூட்டை கட்டிக்கிட்டுச் சமையல்கட்டுப் பக்கம் குடி போயிருச்சு. பண்டிதர் தாடி வளர்ந்து, தாடியில குருவி கூடு கட்டி, குஞ்சு பொரிச்சுப் பறந்தும் போச்சு. அவர் இன்னும் வெறும் சுவத்துகிட்டச் சொல்லிக்கிட்டிருக்கார்.

வீட்டுக்குப் போற வழியில இருளப்பன் நெஞ்சு நிறைஞ்சு போய்க் கேட்டான், "காத்தாயி, ஊரே என்னைத் திருடன்னுச்சு. நீ மட்டும் என்னை நம்பினேல்ல?"

"நம்பலை" அப்படின்னா அவ. "பாத்தேன்."

அவன் தன் தாடையை ஒருதரம் தடவிப் பார்த்துக்கிட்டான். அப்புறம், "அது நம்புறதைவிடப் பெருசுதான்" அப்படின்னான்.

அவ்வளவுதான் பிள்ளைகளா. இதெல்லாம் நெசமான்னு கேக்குற பிள்ளைக்கு நல்ல புத்தி, கேக்காம உம் கொட்டின பிள்ளைக்கு நல்ல தூக்கம்.